ஜெனரேட்டரில் சுவாசக் காற்று பம்பு ஓட்டலாமா? பம்பு பக்கத்தில் உட்கார்ந்தவனின் பதில்

கேள்வி இதுதான்: "தண்ணீர் டேங்க் உள்ளே எபாக்ஸி அடிக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறோம். முகமூடிக்குக் காற்று அனுப்பும் பம்பு வாங்கியாச்சு. சைட்டில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர்தான். பம்பு பக்கத்தில் மாமா பையனை உட்கார வைக்கிறோம். வேறு என்ன கவனிக்கணும்?"

அந்த மாமா பையன் என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் அந்தப் பையன் நான்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சேஃப்டி படித்தவன் இல்லை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சின்ன ஷிப்யார்டில் ஆறு வருஷம் பெயிண்டிங் கேங்கில் இருந்தவன். "இவன் என்ன பெரிய இன்ஜினியரா" என்று கமெண்டில் வரப்போகிறவர்கள் பம்போடு வந்த கையேட்டைப் படித்துக்கொள்ளட்டும். நானும் அதையேதான் சொல்வேன், கையேடுதான் முதல்.

2011-இல் நடந்தது. கரையில் சரிவு மேடைமேல் ஏற்றிய ஒரு பார்ஜின் (சரக்கு ஏற்றும் தட்டைப் படகு) டேங்குக்குள் இரண்டு பேர் ஹூட், அதாவது தலையை மூடும் காற்று முகமூடி, மாட்டிக்கொண்டு பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். ஒருவர் பட்டுக்கோட்டை அண்ணன், இன்னொருவர் பங்களாதேஷ் பாய். கீழே தரையில் பம்பு. அதன் பக்கத்தில் நான், வந்து மூணு மாசமே ஆன ஹெல்பர். எங்கேயும் இதே வழக்கம்தான். இரண்டு பேர் மூச்சு யார் கையில் இருக்கிறதோ அவனுக்குத்தான் கேங்கிலேயே குறைந்த சம்பளம்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. பம்பு நனைந்தால் ஷாக் அடிக்குமே என்று ஓடுகிற பம்பை அப்படியே இழுத்துப் பக்கத்தில் கட்டியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் வைத்தேன். அப்போது பெரிய புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் வேறொரு கேங்கின் வாட்டர் ஜெட் மெஷின், பெட்ரோல் எஞ்சின். மழை விட்டதும் அவர்கள் ஸ்டார்ட் பண்ணினார்கள். சத்தம் என் காதில் விழத்தான் செய்தது. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். (பெயிண்ட் வேலை நடக்கிற இடத்தில் பெட்ரோல் எஞ்சினை விட்டதே தப்பு, அது தனிக் கதை.)

ஒண்ணரை மணி நேரம் கழித்து பாய் வெளியே வந்தார். தலைவலி என்றார், வாந்தி எடுத்தார். அடுத்த பத்தாவது நிமிஷம் அண்ணனும் வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். ஃபோர்மேன் பார்த்த உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "கேட்டரிங் சாப்பாடுடா, கெட்டுப்போயிருக்கும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. ராத்திரியே சமைத்து, விடிகாலை நாலு மணிக்கே பிளாஸ்டிக் பையில் கட்டி டார்மிட்டரி வாசலில் தொங்கவிட்டுப் போவார்கள். அதை வெயிலில் வைத்திருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பிரிப்போம். சாம்பார் நூல் விடும். மாசம் பிறந்தால் அதற்குக் காசு மட்டும் சம்பளத்தில் கரெக்டாகக் கழியும். எத்தனை நாள் சொன்னோம், யாரும் கேட்கவில்லை. எந்தப் பாவமும் செய்யாத அன்றைக்குத்தான் அந்தக் கேட்டரிங்காரருக்கு போன் போட்டுத் திட்டினார்கள்!

கிளினிக்கில் விரலில் கிளிப் மாட்டினார்கள். ஆக்சிஜன் 97, நார்மல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிளிப்புக்கு ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. எஞ்சின் புகையில் வரும் இந்த மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வாசனையும் கிடையாது.

சாயங்காலம் சேஃப்டிக்காரர் வந்தார். தினமும் காலையில் கேஸ் மீட்டரை டேங்குக்குள் விட்டுப் பார்ப்பவர். பம்பு காற்றை இழுக்கிற வாய்ப் பக்கம் அந்த மீட்டரை அதுவரை யாரும் கொண்டுபோனதே இல்லை. அன்றைக்கு வாட்டர் ஜெட்டை ஓடவிட்டு அங்கே வைத்தார். மோனாக்சைடு 200 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு) தாண்டியது. அமெரிக்கக் கணக்கில் சுவாசக் காற்றில் அது 10 பிபிஎம்-க்கு மேல் போகக் கூடாது. ஃபோர்மேன் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டுக்கோட்டை அண்ணன்தான், "தம்பி, அது இருக்கிற இடத்துக் காற்றைத்தானே எனக்கு அனுப்பும்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஃபில்டர் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். பம்பில் வருகிற ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். எஞ்சின் புகையில் இருக்கிற மோனாக்சைடைப் பிடிக்காது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெனரேட்டரில் ஓட்டலாம். ஆனால் ஜெனரேட்டர் காற்று போகிற பக்கம் தள்ளி இருக்கணும், பம்பு காற்று வருகிற பக்கம் இருக்கணும். அதற்காக மெல்லிய வயரை நீளமாக இழுத்துவிடாதீர்கள், வோல்டேஜ் இறங்கி மோட்டார் சுடும். கனமான கேபிள் போடுங்கள். டேங்கிலிருந்து தின்னர் ஆவியை வெளியே தள்ளும் ப்ளோயரின் வாயும் பம்பைப் பார்த்து இருக்கக் கூடாது. மேன்ஹோல் பக்கத்திலேயே பம்பை வைக்காதீர்கள், அந்த ஆவி தீப்பிடிக்க மோட்டாரிலிருந்து ஒரு தீப்பொறி போதும். லாரி வந்து எஞ்சினை அணைக்காமல் நின்றால், உடனே உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிடச் சொல்லுங்கள்.

முதலில் பம்பை ஓடவிட்டு, ஹூடில் காற்று நன்றாக வருகிறதா என்று பார்த்து, அப்புறம் மாட்டணும். முடிந்ததும் மாட்டியபடியே வெளியே வந்து கழற்றணும், கடைசியில்தான் பம்பு நிற்கணும். ஹூடுக்கு நிமிஷத்துக்குக் குறைந்தது 170 லிட்டர், முகத்தோடு ஒட்டும் மாஸ்க்குக்கு 115 லிட்டர் காற்று வேண்டும் என்பது கணக்கு. பெரிய கம்ப்ரசருக்கென்று செய்த ஹூடை இந்தச் சின்ன பம்பில் மாட்டினால் அவ்வளவு வராது. ஹோஸ் நீளம் கையேட்டில் சொன்னதைத் தாண்டக் கூடாது.

உங்களுடையது எண்ணெய் இல்லாத ரகமா என்று பாருங்கள். அப்படியென்றால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று எண்ணெய் விட்டுவிடாதீர்கள். உள்ளே கார்பன் தகடு தேய்ந்து தேய்ந்து தானே வழவழப்பு கொடுத்துக்கொள்ளும். எண்ணெய் பட்டால் அந்தக் கரித்தூளோடு சேர்ந்து பசையாகித் தகடு சிக்கிவிடும். எங்கள் கேங்கில் ஒருவர் விட்டார், அதோடு அந்த பம்பு படுத்துவிட்டது.

செப்டிக் டேங்குக்கும் இதே பம்பை எடுத்துப் போகலாமா என்று நாளைக்கு யாராவது உங்களைக் கேட்பார்கள். கூடாது. பம்பு நின்றால் இரண்டு மூச்சில் ஆளை வீழ்த்துகிற இடத்துக்கு இது ஆகாது. அங்கே தப்பித்து வரத் தனிக் காற்று சிலிண்டர் இடுப்பில் இருக்கணும்.

மாமா பையனுக்கு ஒரு நாற்காலி கொடுங்கள், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒண்ணுக்குப் போவதென்றாலும் ஆள் மாற்றிவிட்டுத்தான் போகணும். ஷெட்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். அப்படியும் மழை அடித்து பம்பை நகர்த்த வேண்டியதாகிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்த பிறகுதான் அவன் பம்பில் கை வைக்கணும்.