வாய்க்குள்ளும் கைவிரலிலும் ஒரே தடுமாற்றம்

கேள்வி: என் மகனுக்கு ஐந்தரை வயது. சொல்வதெல்லாம் புரிகிறது. ஆனால் 'தண்ணி' ஒருமுறை 'நண்ணி' ஆகிறது, மறுமுறை 'தத்தி'. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, பந்து பிடிக்க வரவில்லை. நாக்குக்கு அடியில் வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நாக்கு ஒட்டியிருந்தால், நுனி மேலே எழவேண்டிய ல, ர போன்ற எழுத்துகள்தான் பிசகும். அதுவும் பெரும்பாலும் ஒரே மாதிரி. உங்கள் பையனுக்கு ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக உடைகிறது. பொத்தானுக்கும் நாக்குக்கும்தான் என்ன சம்பந்தம்?

தசையில் பலம் இருந்தும், எதை எந்த வரிசையில் அசைப்பது என்று மூளை திட்டமிடுவதில் சிக்கல் இருக்கலாம். பேச்சில் வந்தால் அப்ராக்ஸியா, கைகால் வேலையில் வந்தால் டிஸ்ப்ராக்ஸியா என்போம். பின்னது பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு ஐந்தாறு பேருக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமல்ல. ஆனாலும் தனித்தனியாகச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும்.

முதலில் காது கேட்கும் சோதனை. பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் 'ப-த-க' என்று வேகமாகச் சொல்லவைத்தும், 'பட்டாம்பூச்சி'யை ஐந்து முறை சொல்லவைத்தும் பார்ப்பார். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வலுவில்லாவிட்டாலோ, வந்த திறமை மறைந்தாலோ கதை வேறு. உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

அப்ராக்ஸியாதான் என்றால் ஆரம்பத்தில் வாரம் மூன்று முதல் ஐந்து தடவை தனிப்பயிற்சி தேவை. வீட்டில் தினம் இருமுறை, பத்துப் பத்து நிமிடம். 'வேணும்', 'போதும்', 'அம்மா வா' என அன்றாடம் உதவும் நான்கைந்து சொற்கள் போதும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாக அவனோடு சேர்ந்து சொல்லுங்கள்; வந்ததும் நீங்கள் நிறுத்திவிடுங்கள். 'க', 'ச' என்று தனி எழுத்து சொல்லவைப்பது வீண். ஒரு ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குத் தாவும் இடத்தில்தான் இடறுகிறது. பலூன் ஊதினாலும் பேச்சு வராது. நாக்கில் வசம்பு தேய்ப்பது வேண்டவே வேண்டாம். படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்டால் தடுக்காதீர்கள். அதனால் பேச்சு பின்தங்காது.

கைக்கும் இதே கணக்குதான். களிமண் பிசைந்தால் பொத்தான் வராது, பொத்தானையே பழக்க வேண்டும். பெரிய பொத்தானாக, கண்ணுக்குத் தெரியும் கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்குங்கள். பாதிவரை நீங்கள் நுழைத்துவிடுங்கள், அவன் இழுக்கட்டும். அது கைவந்த பிறகு நுழைப்பதையும் அவனிடம் விடுங்கள். இதற்கு, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வழிகாட்டுவார். தமிழ்நாட்டில் இருந்தால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ 'டி.இ.ஐ.சி.' (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள்; சிகிச்சை இலவசம்.

வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள்: எழுத கூடுதல் நேரம் வேண்டும், எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லக் கூடாது.