700 கோடி டொலரின் மீதிக் கதை

கேள்வி: லண்டனில் ‘கஸூ’ என்ற கம்பனி பாவித்த கார்களை இணையத்திலேயே விற்று, ஆரம்பித்த மூன்றாம் வருடத்திலேயே 700 கோடி டொலர் பெறுமதிக்கு வளர்ந்துவிட்டது. பத்திரிகை வெட்டு இணைத்திருக்கிறேன். நாமோ இன்னும் ‘ரியசெவன’ என்ற வாகன விளம்பரத் தளத்தில் தேடி, பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு அலைகிறோம். கொழும்புத் தமிழ் வியாபாரிகளுக்கு ஏன் இந்தப் புத்தி வருவதில்லை? என் தங்கையின் மகன் இதே மாதிரி ஒன்று தொடங்கப்போகிறான். என் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தில் ஒரு பகுதியைப் போடலாமென்று இருக்கிறேன். உங்கள் கருத்து?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நீங்கள் அனுப்பிய வெட்டு 2021 மார்ச் மாதத்தது. இடைவேளை விட்டதும் தியேட்டரிலிருந்து எழுந்து வந்துவிட்டு, ‘கதாநாயகன் பணக்காரனாகிவிட்டான்’ என்று ஊருக்குச் சொல்கிறீர்கள். இரண்டாம் பாதியில் அவனை வீட்டைவிட்டே துரத்துகிறார்கள் ஐயா. 2024 மே மாதம் கஸூ நொடித்துப்போய், நொடித்த கம்பனிகளைப் பொறுப்பேற்கும் நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது. மிஞ்சியிருந்த பெயரை ‘மோட்டர்ஸ்’ என்ற இன்னொரு கார் விளம்பரத் தளம் வாங்கிக்கொண்டது.

சரி, முதல் பாதியிலிருந்தே வருவோம். கஸூவைத் தொடங்கிய அலெக்ஸ் செஸ்டர்மன் சும்மா ஆள் இல்லை. தபாலில் டீவீடி வாடகைக்கு அனுப்பிய ‘லவ்ஃபில்ம்’ கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதை 2011இல் அமேசான் வாங்கியது. அதற்குப் பிறகு அவர் நடத்திய ‘சூப்லா’ என்ற வீடு விற்கும் தளம் 2018இல் 220 கோடி பவுணுக்குக் கைமாறியது. அந்த வெற்றிகளின் சூட்டில் அதே வருடம் கஸூவை ஆரம்பித்தார். 2019 டிசம்பரில் விற்பனை தொடங்கியது. இணையத்தில் படம் பார்த்து அழுத்தினால் 72 மணி நேரத்தில் கார் வாசலில் வந்து நிற்கும். பிடிக்கவில்லையா, ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நான்கு மாதத்தில் கொரோனா வந்தது. ஷோரூம்கள் எல்லாம் பூட்டு. வீட்டுக்கு வரும் காருக்கு இதைவிட நல்ல காலம் வருமா? 2021இல், வியாபாரம் எதுவும் செய்யாமல் பணத்தை மட்டும் திரட்டி வைத்துக்கொண்டு சேருவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ‘அஜாக்ஸ்’ என்ற வெற்றுக் கம்பனியோடு சேர்ந்து நியூயோர்க் பங்குச்சந்தைக்குள் நுழைந்தார்கள். உங்கள் 700 கோடி டொலர் அந்தக் கல்யாணத்தில் பேசிக்கொண்ட விலை. கார் விற்றுச் சம்பாதித்த பணம் என்று நினைத்துவிட்டீர்களோ?

அப்புறம் செலவு. எவர்ட்டன், அஸ்டன் வில்லா இரண்டு கால்பந்து அணிகளின் சட்டையிலும் கஸூ. ‘த ஹண்ட்ரட்’ கிரிக்கெட்டிலும் கஸூ. ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று கடை விரித்தார்கள். இத்தாலியில் 8 கோடி யூரோவுக்கு ஒரு கம்பனியையே வாங்கினார்கள். அதை வாங்கிய 2022ஆம் வருடமே, செப்டம்பரில், ஐரோப்பாவை மூட்டை கட்டப்போவதாக அறிவித்தார்கள். அந்த ஒரு வருட நஷ்டம் மட்டும் ஏறத்தாழ 70 கோடி பவுண்.

எங்கே பிசகியது? இதைத்தான் உங்கள் மருமகன் உட்கார்ந்து படிக்க வேண்டும். சூப்லாவுக்கு ஒரு வீடுகூடச் சொந்தமில்லை. யாரோ ஒருவரின் வீடு, யாரோ ஒரு தரகரின் விளம்பரம்; இவர்களுக்குக் கட்டணம். வீடு ஒரு வருடம் விலைபோகாமல் கிடந்தாலும் தளத்துக்கு ஒரு சதம் நட்டமில்லை. கஸூ அப்படியில்லை. ஒவ்வொரு காரையும் காசு கொடுத்து வாங்கியது. வாங்கினால் போதுமா? பரிசோதிக்க வேண்டும், நெளிவு எடுக்க வேண்டும், பெயின்ற் அடிக்க வேண்டும், டயர் மாற்ற வேண்டும், ஒவ்வொரு காராகப் படம் பிடிக்க வேண்டும், லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்க வேண்டும். ஏழாம் நாள் ‘நிறம் மனைவிக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் திருப்பிவிட்டால் மறுபடி லொறி, மறுபடி கழுவல். இவ்வளவுக்கும் பிறகு ஒரு காரில் மிஞ்சியது சில நூறு பவுண்தான். கால்பந்துச் சட்டைக்கும் அலுவலகச் சம்பளத்துக்கும் வட்டிக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பெருக்கிப் பார்க்க உங்கள் மருமகன் என்ன கணினி வைத்திருக்கிறானோ, நான் விரலாலேயே எண்ணிவிட்டேன்.

2021இல் இந்த ஓட்டை ஏன் தெரியவில்லை என்றால், அப்போது எல்லோருமே கெட்டிக்காரர்கள். மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் புதுக் கார் வரவில்லை, பழைய காரின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கி நிறுத்தி வைத்தாலே லாபம். இது நமக்குத் தெரியாத கதையா? 2020 மார்ச்சில் இங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அடுத்த வருடம் என்னுடைய பழைய ஆல்டோவை வாங்கிய விலைக்கு மேலே விற்றுவிட்டு வீட்டில் ஒரு வாரம் பெரிய வியாபாரி மாதிரி நடந்துகொண்டேன். வேறொன்று வாங்கப் போன அன்றுதான் என் கெட்டித்தனம் வெளுத்தது.

அங்கேயும் வெளுத்தது. 2021 டிசம்பர் வரை 0.1 வீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் வட்டி, 2023 ஓகஸ்டில் 5.25 வீதம். கடனில் வாங்கி நிறுத்திய கார், விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி தின்னும். (2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளி உயர்த்தியபோது கார் சேல்காரர்கள் முகம் எப்படி இருந்தது என்று டெல்கந்தைப் பக்கம் போய்க் கேளுங்கள்.) 2023 டிசம்பரில் கஸூவின் 63 கோடி டொலர் கடன் 20 கோடியாகச் சுருக்கப்பட்டது. பதிலுக்குக் கம்பனியின் 92 வீதம் கடன் கொடுத்தவர்களுக்குப் போனது. பழைய பங்குதாரர்கள் கையில் 8 வீதம். 2021இல் ஆசைப்பட்டுப் பங்கு வாங்கியவர்களிலும் ஓய்வூதியக்காரர்கள் இருந்திருப்பார்கள், ஐயா.

இனி, உங்களுக்காகவே சேர்த்து வைத்த காட்சி. 2024 மார்ச்சில் கஸூ கார் வாங்கி விற்பதையே நிறுத்தியது. இனிமேல் மற்ற வியாபாரிகள் தங்கள் கார்களை விளம்பரம் செய்ய இடம் கொடுப்போம், கட்டணம் வாங்குவோம் என்றது. அதாவது ரியசெவன. நூறு கோடி பவுணுக்கு மேல் கரைத்துவிட்டு லண்டன் புத்தி வந்து சேர்ந்த இடத்தில் நாம் பல வருடமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். இதற்குத்தான் நமக்குப் புத்தி இல்லை என்கிறீர்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதே தொழிலில் அமெரிக்காவின் ‘கார்வானா’ சாகவில்லை. 2021இல் 370 டொலரைத் தொட்ட அதன் பங்கு 2022 டிசம்பரில் 4 டொலருக்கும் கீழே போனது. பிறகு கடன்காரர்களோடு பேசி, ஆட்களைக் குறைத்து, லாபத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அதனிடம் நாடு முழுக்க ஏல யார்டுகள் இருந்தன, கார் வாங்குவோருக்குக் கடன் கொடுத்து, அந்தக் கடனை மற்றவர்களுக்கு விற்கும் வருமானமும் இருந்தது. அங்கேயே ‘வ்ரூம்’ என்ற மற்றக் கம்பனி 2024 ஜனவரியில் கார் விற்பதை விட்டுவிட்டு, கடன் கொடுக்கும் பிரிவை வைத்துக்கொண்டது. காரில் லாபம் இல்லை, கடனில்தான் லாபம் என்பது நம்மூர் லீசிங்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமா?

பாஸைக் கூட்டிக்கொண்டு அலைவதைக் கேவலமாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் செய்வது என்ன? கதவைத் தட்டிச் சத்தத்தில் பெயின்ற் கனத்தைக் கண்டுபிடிப்பார். கம்பளத்தைத் தூக்கி, 2016 வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் நின்ற வண்டியா என்று மணந்து பார்ப்பார். செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். ஓபன் பேப்பரில் (பெயர் மாற்றிப் பதியாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு) எத்தனை கை மாறியது, லீசிங் முடிந்ததா, மீட்டரைக் குறைத்தார்களா எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வரும். கஸூ இதே வேலையைப் பெரிய கொட்டகைகளில் சம்பளம் கொடுத்துச் செய்தது. உங்கள் பாஸுக்கு ஒரு சாப்பாடும் சில ஆயிரம் ரூபாவும்.

பணம் போடலாமா என்று கேட்டீர்கள். மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: கார்களை யார் வாங்கி வைப்பது? ‘யாரும் இல்லை மாமா, விளம்பரம் மட்டும்தான்’ என்றால் அவனுக்கு உங்கள் ஈ.பி.எஃப். தேவைப்படாது. ‘நாமே வாங்கி வைப்போம்’ என்றால், 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு பழைய வண்டியின் விலையை எதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான் என்று கேளுங்கள். வாங்கிய கார்களை எங்கே நிறுத்தப்போகிறான் என்பதையும். போன வாரம் உங்கள் வெள்ளவத்தையில் ஒரே ஒரு காரை அரை மணி நேரம் நிறுத்த இடம் தேடி, காலி வீதியில் நான் மூன்று தரம் போய்வந்தேன்.