அந்த ஒன்று எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

சர்வருடனான ஒரு இணைப்பை, வலையில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பதிவு செய்து பார்த்தேன். முதல் மூன்று பாக்கெட்டுகளில் தரவு எதுவும் இல்லை. ஆனாலும் வரிசை எண் 0-விலிருந்து 1 ஆகிவிட்டது. அடுத்து நான் 75 பைட் அனுப்பினேன், சர்வர் 76 என்று ஒப்புகை (ACK, ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில்) தந்தது. அதன்பின் சர்வரிடமிருந்து தரவு வந்துகொண்டே இருக்க, என் வரிசை எண் மட்டும் 76-லேயே நின்றுவிட்டது. ஏதேனும் தொலைந்துவிட்டதா?

கல்லூரி மாணவன் ஒருவன்

அன்புள்ள தம்பி,

எதுவும் தொலையவில்லை. தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் இணைய நெறிமுறையான டிசிபி (TCP) பாக்கெட்டுகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. நீங்கள் அனுப்பியவை 1 முதல் 75 வரையிலான பைட்டுகள். "அடுத்து 76-ஐ அனுப்பு" என்கிறது சர்வர்.

இணைப்பைத் தொடங்கும் சின் (SYN) கொடி பாக்கெட்டின் தலைப்பில் உள்ள ஓர் அடையாளம்தான், அதில் தரவு கிடையாது. ஆனால் அது போய்ச் சேர்ந்ததை மறுமுனை உறுதிசெய்ய வேண்டுமே! அதற்காகத்தான் அதற்கும் ஓர் எண் ஒதுக்கினார்கள். இணைப்பை முடித்துவைக்கும் ஃபின் (FIN) கொடிக்கும் அப்படியே. வெறும் ஒப்புகைக்கு மட்டும் எண் கிடையாது. கொடுத்திருந்தால் ஒப்புகைக்கு ஒப்புகை, அதற்கும் ஒப்புகை என்று ஓயாமல் போயிருக்கும். உங்கள் 76 நகராததற்குக் காரணம் இதுதான்.

தொலைந்ததா என்று அறிய, உங்கள் ஒப்புகை எண்ணைப் பாருங்கள். 1461, 2921 என்று ஏறினால் நலம். பாக்கெட்டுகள் வந்தும் 2921-லேயே நின்றால், அந்த பைட்டில் தொடங்கும் துண்டு இன்னும் வரவில்லை. அதே எண் மூன்று முறை திரும்ப வந்தால், அனுப்புபவர் காத்திருப்பு நேரம் முடியும்வரை பொறுக்காமல் அந்தத் துண்டை மறுபடி அனுப்பிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பார்த்த அந்த 0 உண்மையான எண் அல்ல. வயர்ஷார்க் நம் வசதிக்காகத் தொடக்க எண்ணைக் கழித்துக் காட்டுகிறது. உண்மையில் அது 32 பிட் எண், ஊகிக்க முடியாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியது. அதை ஊகிக்க முடிந்தால் ஒருவர் வேறொரு கணினியைப் போல நடித்து இணைந்துவிடலாம் என்று 1985-லேயே பெல் ஆய்வகத்திலிருந்து ராபர்ட் மாரிஸ் எழுதி எச்சரித்தார். 1994 கிறிஸ்துமஸ் அன்று கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ட்சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் புகுந்தவர் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார். அங்கிருந்த ஒரு கணினியின் தொடக்க எண் இணைப்புக்கு இணைப்பு சரியாக 1,28,000 கூடிக்கொண்டிருந்தது. பதிலைக் கண்ணால் பார்க்காமலேயே அடுத்த எண்ணைக் கணக்குப் போட அது போதுமாக இருந்தது.

வயர்ஷார்க்கின் டிசிபி அமைப்புகளில் சார்பு எண் காட்டும் வசதியை (Relative sequence numbers) அணைத்துவிட்டு, ஒரே சர்வருடன் பத்து முறை இணைந்து பாருங்கள். சர்வர் தரும் தொடக்க எண்களைத் தாளில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 1,28,000 போல ஒரே வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.