சாப்பாட்டு மேசை வெடிக்காமல் இருக்க, மரம் வாங்கும்போதே கவனியுங்கள்

கேள்வி: கொடுங்கையூரில் வசிக்கிறேன். ஆறு பேர் உட்காரும்படி ஐந்தடிக்கு மூன்றடியில் ஒரு தேக்கு மேசையை நானே செய்ய ஆசை. தச்சு வேலையில் இதுதான் எனக்கு முதல் பெரிய முயற்சி. எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மேஸ்திரி, தனக்குத் தெரிந்த கடையில் ஆறு கன அடி மரம் எடுக்க வேண்டும் என்றும், மேற்பலகையை ஃபெவிகால் தடவிச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டால் எந்தக் காலத்திலும் அசையாது என்றும் சொல்கிறார். அக்கா வீட்டில் செய்த மேசை ஒரே வருடத்தில் நடுவில் வெடித்துவிட்டது. எனக்கும் அப்படி ஆகிவிடுமா?

பதில்: உங்கள் அக்கா வீட்டு மேசை வெடித்ததற்கு, மேஸ்திரி இப்போது உங்களுக்குச் சொல்லும் அந்த யோசனையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அறுத்து இழைத்துப் பாலிஷ் போட்ட பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. ஈரம் ஏறினால் பலகை அகலவாக்கில் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் நடக்கும் மாற்றம் கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குச் சிறியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியில் பலகையின் ஈரம் 15 சதவீதத்தைத் தொடும்; மேற்குக் காற்று வறண்டு வீசும் ஆனி மாதத்திலோ, ஏ.சி. ஓடும் அறையிலோ அது 10 சதவீதத்தை நோக்கி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு மூன்றடி அகலத் தேக்குப் பலகை கால் அங்குலம் வரை, சில பலகைகளில் அதற்கு மேலும், அகலத்தில் மாறும். அதைப் பசையாலும் திருகாணியாலும் அசையவிடாமல் பிடித்தால், சுருங்க வழியில்லாத பலகை தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொள்கிறது.

ஆகவே மேற்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு சொட்டுப் பசைகூட வேண்டாம். பலகைகளை ஒன்றோடொன்று பக்கவாட்டில் ஒட்டுவது சரி. கால்களையும் சட்டத்தையும், ஒன்றின் முனையில் எடுத்த கழுந்து மற்றதன் துளைக்குள் நுழையும்படி சேர்த்து ஒட்டுவதும் சரி. மேற்பலகையைப் பிடிக்க மட்டும், சட்டத்தின் உட்பக்கத்தில் ஒரு காடி (நீளமான பள்ளம்) எடுத்து, அந்தக் காடிக்குள் நாக்கு நுழையும்படி சிறு மரத்துண்டுகளைச் செய்து, அந்தத் துண்டுகளை மேற்பலகையின் அடியில் திருகுங்கள். நாக்குக்கும் காடியின் உட்சுவருக்கும் இடையில் கால் அங்குல இடைவெளி விடுங்கள். குறுக்கே வரும் இரண்டு குட்டைச் சட்டங்களின் நடுவில் மட்டும் ஒவ்வொரு திருகாணியை இறுக்கினால், பலகை இரண்டு பக்கமும் சமமாக நகரும். நம் ஊரில் அழகுக்காக மேற்பலகையைச் சுற்றிலும் பட்டை அடிப்பார்கள். ப்ளைவுட் மேசைக்கு அது பொருந்தும், முழு மரத்தில் செய்த மேசையின் இரு முனைகளிலும் குறுக்குப் பட்டையை ஒட்டினால் அதே வெடிப்பை விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

இதைவிட முக்கியமானது, கடையில் நிற்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்த மரத்தில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது? ‘நன்றாகக் காய்ந்த கட்டை’ என்பது எல்லாக் கடையிலும் கிடைக்கும் பதில். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஈரம் காட்டும் சிறு மீட்டர் இணையத்தில் கிடைக்கிறது, நீங்கள் வாங்கப்போகும் மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. கட்டையின் முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும் என்பதால் அங்கே அளக்காதீர்கள், நடுப்பகுதியில் அளந்து பாருங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுக்கலாம். 18-ஐத் தாண்டினால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். கால்களுக்கான மூன்று அங்குலக் கட்டையைத் தனியாக அளக்க வேண்டும். ஓர் அங்குலப் பலகையைவிட அது மிகவும் தாமதமாகக் காயும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வாங்கி வந்த பலகைகளை இடையிடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை (மெல்லிய மரக் குச்சிகளை) வைத்து வீட்டுக்குள் அடுக்கி, ஒரு துண்டை மட்டும் வாரம் ஒருமுறை எடை போட்டு வாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

மரத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 287, மரத்தை எப்படி உலர்த்த வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 1141 என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிகள் இருக்கின்றன. ப்ளைவுட் வாங்கும்போது பலகையில் அச்சிட்ட ஐ.எஸ். 303 முத்திரையைத் தேடிப் பார்க்கிறோம். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் தேக்குக்கு மட்டும், அது எங்கே விளைந்தது, எத்தனை சதவீத ஈரத்தில் கைமாறியது என்ற இரண்டு வரிகள்கூட பில்லில் வருவதில்லை. பில் என்று கேட்டாலே விலை வேறாகிவிடும் என்கிறார்கள். விதியை எழுதி வைத்துவிட்டு, வாங்குகிறவர் தலையில் சோதனையைக் கட்டுவது எந்த வகையில் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. எப்படியிருந்தாலும் பில்லை வாங்குங்கள். மர வகையையும் அளவையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இனி ஆறு கன அடிக்கு வருவோம். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. இழைத்து ஓர் அங்குலம் வர வேண்டிய மேற்பலகைக்கு ஒன்றேகால் அங்குலக் கனத்தில் எடுத்தால் 36 × 1.25 × 5 ÷ 144, அதாவது ஏறத்தாழ 1.6 கன அடி. மூன்று அங்குலச் சதுரத்தில் இரண்டரை அடிக் கால்கள் நான்குக்கு 0.6, சுற்றுச் சட்டங்களுக்கு 0.55. மொத்தம் இரண்டே முக்கால். கணுவுக்கும் வெட்டுக் கழிவுக்கும் நான்கில் ஒரு பங்கு சேர்த்தாலும் மூன்றரை கன அடியில் உங்கள் மேசை முடிந்துவிடும். மீதி இரண்டரை கன அடி யாருக்காக என்பதை நீங்களே ஊகிக்கலாம். கடைக்கு ஆள் அழைத்து வருகிறவருக்குக் கன அடிக் கணக்கில் தொகை போவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததே, அந்தத் தொகை உங்கள் பில்லில்தான் ஏறும். வால்டாக்ஸ் சாலைக்கோ சூளைக்கோ தனியாகப் போங்கள், கையில் டேப் இருக்கட்டும். ஒன்றேகால் அங்குலம் என்று எழுதும் பலகை உண்மையில் ஒன்றே அரைக்கால் அங்குலமே இருந்தால், பத்தில் ஒரு பங்கு மரத்தை நீங்கள் பார்க்காமலேயே இழக்கிறீர்கள். மரத்தின் வெளிப்புறத்தில் வெள்ளை ஓடிய பகுதியை, உள்ளே இருக்கும் கெட்டியான வைரப் பகுதியின் விலைக்கு அளக்க விடாதீர்கள். ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் விற்கப்படும் மரங்களில் பல தேக்கே அல்ல.

பழைய மரத்துக்கு இந்த ஈரக் கவலை இல்லையே என்று கேட்பீர்கள். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் பழைய வீடுகள் இடிபடும்போது வெளியே வரும் பர்மா தேக்கு உத்தரங்கள் உண்மையிலேயே அருமையான மரம். இத்தனை காலத்தில் அவை காய்ந்து அடங்கியிருக்கும். ஆனால் இடித்த பிறகு திறந்த வெளியில் மழையில் கிடந்திருந்தால் மீண்டும் ஈரம் குடித்திருக்கும், ஆகவே மீட்டரை அங்கேயும் வைத்துப் பாருங்கள். ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தத்தால் நீளம் முழுக்கத் தடவுங்கள், இல்லையென்றால் மில்லில் அறுக்க மாட்டார்கள். புதுக் கட்டைக்குச் சாயம் பூசிப் பழையது என்று விற்பதும் உண்டு. முனையைச் சிறிது சீவச் சொல்லி, உள்ளே நிறம் ஓடியிருக்கிறதா, தேக்குக்கே உரிய எண்ணெய்ப் பசையும் வாசனையும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயிண்ட் அடித்த பழைய கதவையும் சன்னலையும் சாப்பாட்டு மேசைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்த நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூளில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். மில்லில் கொடுத்து இழைத்தாலும் அந்தத் தூளை அங்கே வேலை செய்கிறவர் சுவாசிப்பார். பெயிண்ட் படாத உத்தரமும் கைமரமும் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் பலகையை இழைப்புளியால் சமன்படுத்த முயன்று சோர்ந்துபோக வேண்டியதில்லை, அந்த வேலையை மில்லில் முடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கழுந்து எடுப்பதை மட்டும் முதலில் வேப்பங்கட்டையில் பழகுங்கள். மேசையின் உயரம் 30 அங்குலம் இருக்கட்டும். சட்டம் நான்கு அங்குலத்தைத் தாண்டினால் முழங்கால் இடிக்கும். கடல்காற்று எட்டும் நம் பகுதியில் இரும்புத் திருகாணி துருப்பிடிக்கும் என்பதால் எவர்சில்வர் திருகாணியே போடுங்கள். பாலிஷ் எதுவாக இருந்தாலும் மேற்பலகையின் மேலே எத்தனை கைப் பூச்சோ, அடியிலும் அத்தனை கைப் பூச்சு வேண்டும். அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி, வெடிக்காத பலகையும் வளைந்துவிடும்.