அப்பாவைப் பற்றி உங்கள் மனைவி என்ன சொன்னார்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. இப்போது இருப்பது அமெரிக்காவில் மினியாபொலிஸ். வயது 46. மகளுக்கு 13, மகனுக்கு 9. இரண்டு வருடமாக என் மனைவி ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு யூனிடேரியன் சபைக்குப் போகிறாள். மனிதநேயச் சபை என்கிறாள். சர்ச் மாதிரியே பாட்டு, பேச்சு, காணிக்கை எல்லாம் உண்டு, சாமி மட்டும் கிடையாது. வாரநாளிலும் புத்தகம் வாசிக்கிறது, உணவு வங்கிக்குச் சாமான் பிரிக்கிறது என்று ஏதாவது ஒன்று. என்னைக் கேட்காமலே மாதம் 80 டாலர் கட்டுகிறாள். மகளுக்கு உடம்பு, உறவு பற்றியெல்லாம் வகுப்பு எடுக்கிறார்களாம். ஞாயிறு காலை நான்தான் மூன்று பேரையும் இறக்கிவிட்டு, முடியும்வரை பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்து கூட்டி வருகிறேன். எங்களோடு ஐந்து மாதம் வந்து இருந்துவிட்டுப் போன அப்பா, போன வருடம் ஜனவரியில் தவறிவிட்டார். நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். அந்த ஞாயிறுகூட இவள் அங்கே போய், எல்லார் முன்னாலும் அப்பா பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். மகன் சொல்லித்தான் தெரியும். கோயிலுக்கு வருகிறாள், பண்டிகை எல்லாம் செய்கிறாள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகள் ரெண்டுங்கெட்டானாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நிறுத்தச் சொல்லு' என்கிறார் அம்மா. எப்படி நிறுத்துவது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மினியாபொலிஸ்)

பதில்:

தம்பி, மனைவி தியான வகுப்பே கதி என்று கிடக்கிறாள், கணவர் ஒரு சாமியாரைப் பிடித்துக்கொண்டார், மகள் சிநேகிதியோடு வேறு கோயிலுக்குப் போகிறாள் என்று வருடக்கணக்கில் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: எப்படி நிறுத்துவது? 'பயப்படாதீர்கள், அவர் மதம் மாறிவிட மாட்டார்' என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போகவே முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்காக உங்கள் மனைவி மெழுகுவத்தி ஏற்றினார். உங்களுக்குச் சொன்னது மகன். சரி, மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உங்கள் அப்பாவைப் பற்றி என்ன சொன்னார்?

கடிதத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். 80 டாலர் இருக்கிறது, மகளின் வகுப்பு இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது. இது இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, நீங்கள் கேட்கவே இல்லை. பெற்ற தகப்பனைப் பற்றிக் கட்டிய மனைவி நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசியிருக்கிறார். அது உங்கள் ஒன்பது வயது மகனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

அங்கே என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். இந்தச் சபைகளில் பலவற்றில் ஞாயிறு கூட்டத்தின் நடுவே கொஞ்ச நேரம் ஒதுக்குவார்கள். 'மகிழ்ச்சிகளும் துயரங்களும்' என்று அதற்குப் பேர். வீட்டில் ஒரு நல்லதோ கெட்டதோ நடந்தவர்கள் எழுந்து முன்னால் வருவார்கள். ஒரு சின்ன மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சில இடங்களில் மெழுகுவத்திக்குப் பதிலாகக் கூழாங்கல் ஒன்றை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவதுண்டு. பேத்தி பிறந்திருக்கிறாள், வேலை போய்விட்டது, நாளைக்கு ஆபரேஷன், அண்ணன் இறந்துவிட்டார் என்று இரண்டு மூன்று வாக்கியம்தான் பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை, கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில்தான் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விசாரிப்பார்கள். எந்த வீட்டில் சாவு, யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பார்த்து, முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கவும், ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப்போகவும் தனியாக ஒரு குழுவே வைத்திருக்கிற சபைகள் நிறைய.

இப்போது அந்த ஜனவரியை யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் திருநெல்வேலி கிடைத்தது. தெருவே வந்து துக்கம் கேட்டிருக்கும். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திருக்கும். பதினாறாம் நாள் காரியம்வரை யாராவது ஒருவர் உங்கள் தோளைத் தொட்டு, 'ஐயா எப்படிப்பட்ட மனுஷர்!' என்று சொல்லியிருப்பார். உங்கள் மனைவிக்கு என்ன கிடைத்தது? வெளியே இடுப்பை எட்டுகிற பனிக்குவியல். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம். புருஷன் வேறு கண்டத்தில். வாசலுக்கு வந்து 'என்னம்மா, மாமனார் போயிட்டாராமே' என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

அந்த ஐந்து மாதமும் உங்கள் அப்பாவோடு பகலில் வீட்டில் இருந்தது யார்? நீங்கள் ஆபீஸில். மாத்திரை நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தது, ஊர்ச்சாப்பாடு இல்லையே என்று அவர் முகம் சுருங்கினால் வற்றல் குழம்பு வைத்தது, வெளியே போகும்போது ஷூ லேஸைக் குனிந்து கட்டிவிட்டது எல்லாம் ஒரு மருமகள் செய்கிற வேலை. அப்படிப்பட்ட பகல்களில் வயதானவர்கள் மகனிடம் சொல்லாததை மருமகளிடம் சொல்வார்கள். உங்களுக்கே தெரியாத ஏதோ ஒன்று உங்கள் அப்பாவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கலாம். இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சாவு உங்களுடையது மட்டும் என்பது போல விமானம் ஏறினீர்கள், வந்தீர்கள், காரியம் செய்தீர்கள், திரும்பினீர்கள். டிக்கெட் விலை எனக்கும் தெரியும், தனியாக வந்ததைக் குற்றம் சொல்லவில்லை. திரும்பிப் போன பிறகாவது அவரை எதிரே உட்கார வைத்து அப்பாவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். மாமனார் சாவு மருமகளுக்கும் சாவுதான். அதை அழுது தீர்க்க வீட்டில் இடம் கொடுக்காத புருஷன், அவர் வெளியே ஒரு இடம் கண்டுபிடித்தால் அதைக் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

'அங்கே சாமியே இல்லையே' என்பீர்கள். நான் காலையும் மாலையும் விளக்கேற்றுகிறவள். சாமி இல்லை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தச் சபைக்காரர்களை விளையாட்டுக் கூட்டம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கிற ஊர்தான் அதற்கு முக்கியமான இடம். ஜான் டீட்ரிக் என்று ஒரு போதகர், பிட்ஸ்பர்கில் இருந்தபோது 1911இல் மதத்துக்கு விரோதமாகப் பேசுகிறார் என்று குற்றம்சாட்டப்பட்டு வெளியே வந்தவர். ஸ்போகேன் நகரத்தில் சில வருடம் இருந்துவிட்டு 1916இல் மினியாபொலிஸின் முதல் யூனிடேரியன் சபைக்கு வந்தார். கடவுளை வைத்துப் பேசாமல், மனிதன் மனிதனுக்குச் செய்ய வேண்டியதை வைத்து வாராவாரம் பேசினார். கேட்க வந்த கூட்டத்துக்கு இருந்த கட்டடம் போதாமல் நாடக அரங்கில் கூட வேண்டியிருந்தது. 1933இல் வெளிவந்த மனிதநேய அறிக்கையில் கையெழுத்துப் போட்ட 34 பேரில் அவரும் ஒருவர். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் யூனிடேரியன் போதகர்கள். சாமியை எடுத்துவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமையை இவர்கள் எடுக்கவில்லை பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒரு முறை ஒரே கூரையின் கீழ் வந்து உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வராவிட்டால் ஏன் என்று கேட்க வேண்டும் என்கிற கடமையை அவர்கள் விடவில்லை.

நீங்கள் பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இரண்டு வருட ஞாயிறுகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. வசந்த காலம் முடிகிற சமயத்தில் பல சபைகளில் பூ விழா நடக்கும். ஆளுக்கொரு பூ கொண்டுபோய் ஒரே பாத்திரத்தில் வைத்துவிட்டு, திரும்பும்போது வேறொருவர் கொண்டுவந்த பூவை எடுத்து வருவார்கள். 1923இல் பிராக் நகரத்தில் நார்பெர்ட் சாபெக் என்கிற யூனிடேரியன் போதகர் தொடங்கியது. 1942இல் நாஜிக்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதற்கு முன்பே அவர் மனைவி அந்த விழாவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார். உங்கள் மகன் ஒரு ஞாயிறு ஒரு பூவோடு இறங்கிப் போய் வேறு பூவோடு காரில் ஏறியிருந்தால், 'இது யார் கொடுத்தது?' என்று கேட்டிருப்பீர்களா? அப்பா பேச்சையே கேட்காதவர் பூவைக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மகளின் வகுப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சங்கமும் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்கிற கிறிஸ்தவ சபையும் சேர்ந்து, ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாக எழுதிய பாடத்திட்டமாகத்தான் இருக்கும். 7 முதல் 9ஆம் வகுப்புவரை படிக்கிற பிள்ளைகளுக்கு என்றே ஒரு பகுதி உண்டு. தொடங்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டுப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று காட்டி, சம்மதம் வாங்கிய பிறகுதான் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு யார் போனது? பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது தாயும் தகப்பனும். தகப்பன் வாயே திறக்காதபோது தாய் நல்ல ஆசிரியரைத் தேடியிருக்கிறார். அதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

பணம் விஷயத்தில் உங்கள் மனைவி செய்தது சரியில்லை. இந்தச் சபைகள் உறுப்பினர்கள் தருவதாக ஒப்புக்கொள்கிற தொகையில்தான் நடக்கின்றன. போதகரைத் தேர்ந்தெடுப்பதும் வருட வரவுசெலவுக்கு ஒப்புதல் கொடுப்பதும் உறுப்பினர்களின் ஓட்டுதான். பணத்தை யாரோ ஒருவர் சுருட்டிக்கொண்டு போகிற இடம் இல்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தின் பணம் இரண்டு பேரும் பேசித்தான் வெளியே போக வேண்டும். இதை அவரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் உங்கள் அம்மா. 'வெள்ளைக்காரன் சமாச்சாரம்' என்றார்களே, சென்னையில் யூனிடேரியன் சபையைத் தொடங்கியவர் ஒரு தமிழர் என்று சொல்லுங்கள். வில்லியம் ராபர்ட்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டவர், 1795இல் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அவர்களுக்கென்று கட்டடமும் வந்துவிட்டது. அது கடவுள் ஒருவரே என்று நம்புகிற கிறிஸ்தவ யூனிடேரியன் சபை, உங்கள் மனைவி போவது சாமியை வைத்துப் பேசாத மனிதநேய வகை. இருந்தாலும் அந்தப் பேர் நம் மண்ணுக்குப் புதிதில்லை.

ஆனால் அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இந்தச் சரித்திரம் இல்லை தம்பி. மருமகள் அங்கே எதற்குப் போகிறாள் என்று கேட்டபோது, 'அப்பா போன வாரத்தில் அவர் பேரைச் சொல்லி விளக்கேற்றினாள்' என்று சொன்னீர்களா? அநேகமாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் எந்தத் தாயும் 'நிறுத்தச் சொல்லு' என்று சொல்லியிருக்க மாட்டாள். தாலியறுத்து உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு, தன் புருஷன் பேர் ஏழு கடல் தாண்டி ஒரு கூட்டத்தில் மரியாதையோடு உச்சரிக்கப்பட்டது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அதை மறைத்துவிட்டு, பாட்டும் காணிக்கையும் என்று புகார் மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். மனைவியிடம் நேரே பேசத் தயங்கி அம்மாவை முன்னால் நிறுத்துகிற பழக்கத்தை 46 வயதில் விட்டுவிட வேண்டும்.

பிள்ளைகள் ரெண்டுங்கெட்டானாகிவிடும் என்கிற பயத்துக்கு என் பதில் இதுதான்: கோயிலையும் பிள்ளைகளுக்கு நீங்கள் காட்டுங்கள். மேப்பிள் குரோவில் அவ்வளவு பெரிய கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீங்களே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், எந்தச் சன்னதியில் யார், உங்கள் அப்பா எந்தச் சாமியை எப்படிக் கும்பிடுவார் என்று சொல்லுங்கள். அதையும் மனைவி தலையில் கட்டிவிட்டு, அவர் போகிற ஒரு இடத்தைப் பூட்டப் பார்க்காதீர்கள். போகச் சொல்லவும் நிறுத்தச் சொல்லவும் உரிமை வேண்டுமென்றால் முதலில் கூட இருக்க வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவரிடம் கேளுங்கள்: 'அன்றைக்கு அப்பாவைப் பற்றி என்ன சொன்னாய்?' அவர் உடனே சொல்லாமல் இருக்கலாம். இவ்வளவு நாள் கேட்காததற்குக் கோபப்படலாம், அழலாம். நீங்கள் எழுந்து போய்விடக் கூடாது. வருகிற ஞாயிறு காரைப் பூட்டிவிட்டு உள்ளே போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும், உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை, பாட வேண்டியதில்லை. காபி நேரத்தில், அந்த ஜனவரியில் உங்கள் மனைவியிடம் வந்து துக்கம் கேட்டவர்கள் யார் என்று அவரையே காட்டச் சொல்லி, அவர்களுக்கு உங்கள் வாயால் நன்றி சொல்லுங்கள். ஒரு வருடம் தாமதம்தான், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவைப் பற்றி மருமகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள். அந்த 80 டாலர் கணக்கை அதற்கப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.