நிகர பூஜ்ஜியமும் கார்பன் நடுநிலையும் ஒன்றா?

கேள்வி: இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் ‘நிகர பூஜ்ஜிய’ உமிழ்வை எட்டும் என்கிறார்கள். நான் வாங்கிய சட்டையின் அட்டையிலோ ‘கார்பன் நடுநிலை’ என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? 2070க்குப் பிறகு நாட்டில் புகையே இருக்காதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: புகை இருக்கலாம், ஆனால் அதற்கு ஈடு செய்தாக வேண்டும். மனிதச் செயல்களால் ஓராண்டில் வளிமண்டலத்தில் சேரும் பசுமை இல்ல வாயுக்களின் (கார்பன் டை ஆக்சைடு போன்று புவியைச் சூடாக்கும் வாயுக்களின்) அளவும், காடு வளர்ப்பு போன்ற முயற்சிகளால் அதே ஆண்டில் அங்கிருந்து அகற்றப்படும் அளவும் சமமாகிவிட்டால், அந்த நிலையே நிகர பூஜ்ஜியம். 2015ஆம் ஆண்டின் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம், இச்சொல்லை எடுத்தாளாமலேயே, இந்நூற்றாண்டின் பிற்பாதியில் இத்தகைய சமநிலை வேண்டும் என்று தன் 4ஆவது பிரிவில் கூறுகிறது. இந்தியாவின் இலக்கைப் பிரதமர் மோடி 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்தார். சீனாவின் இலக்கு 2060. பிரிட்டனோ 2050 என்று 2019இலேயே சட்டமாக்கிவிட்டது.

உங்கள் சட்டையின் கதை வேறு. ஒரு நிறுவனம் தன் உமிழ்வைப் பெரிதாகக் குறைக்காமலேயே, எங்கோ நடைபெறும் மரம் நடும் திட்டத்திலிருந்தோ காற்றாலைத் திட்டத்திலிருந்தோ கார்பன் கிரெடிட்டுகளை, அதாவது அங்கே உமிழ்வு தவிர்க்கப்பட்டதற்கோ அகற்றப்பட்டதற்கோ தரப்படும் சான்றுகளை, விலைக்கு வாங்கி, கணக்கை நேர் செய்துகொண்டு ‘கார்பன் நடுநிலை’ என்று அறிவித்துவிட முடியும். நிகர பூஜ்ஜியத்துக்கு இது போதாது. நிறுவனங்களுக்காக 2021இல் வெளியிடப்பட்ட பெயர்பெற்ற தர அளவுகோல் ஒன்று, உமிழ்வை ஏறக்குறைய 90 விழுக்காடு குறைத்த பின்பே, எஞ்சியதை மட்டும் ஈடுகட்ட அனுமதிக்கிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. காற்றாலை புதிய உமிழ்வைத் தவிர்க்கலாமே தவிர, ஏற்கெனவே காற்றில் கலந்ததை அகற்றாது. மரம் அகற்றும், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் உறைந்திருந்த நிலக்கரியின் கார்பனை, ஒரு காட்டுத்தீயில் திரும்பக் கொடுத்துவிடக்கூடிய மரத்திடம் அடகு வைப்பது எவ்வளவு பத்திரம்? இயந்திரத்தால் உறிஞ்சலாம் என்றால், ஐஸ்லாந்தில் 2021இல் தொடங்கிய ஓர்க்கா ஆலையின் திட்டமிட்ட கொள்ளளவே ஆண்டுக்கு 4,000 டன்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு 3,700 கோடி டன் அளவில் இருக்கிறது. அதாவது, அந்த ஆலையின் ஓராண்டு உழைப்பு நான்கு விநாடி உமிழ்வுக்குக்கூட ஈடாகாது.

வெறும் ஈட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பொருளைக் கார்பன் நடுநிலை என்று விளம்பரப்படுத்துவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தடை விதித்தது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறைக்கு வருவதாக விதி. உங்கள் ஊரிலிருந்து அங்கே ஏற்றுமதியாகும் பின்னலாடைகளின் அட்டைக்கும் அது பொருந்தும்.