இண்டாக்ட்ரினேட்: கேள்வி பதில்

கே: பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் "நல்ல பழக்கங்களை இண்டாக்ட்ரினேட் செய்யுங்கள்" என்று போடலாமா?

ப: வேண்டாம். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்குக் கற்பிப்பது என்றுதான் பொருள். கற்பித்தலைக் குறிக்கும் லத்தீன் 'டொகேரே'தான் வேர். 'டாக்டர்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. இன்று, கேள்வி கேட்க இடமே கொடுக்காமல் ஒரு கொள்கையை ஏற்க வைப்பதைச் சொல்கிறது. பள்ளியில் அதைக் குற்றச்சாட்டாகவே படிப்பார்கள். நீங்கள் தேடுவது 'இன்கல்கேட்'. அதுவும் லத்தீனில் குதிகாலால் மிதித்து அழுத்துவதுதான். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதிய வைப்பது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. ஒன்றை மறக்காதீர்கள்: இன்கல்கேட் செய்வது கருத்தை, இண்டாக்ட்ரினேட் செய்வது ஆளை.

கே: அமெரிக்காவில் விமானியாகச் சேர்ந்த தம்பிக்கு 'பேசிக் இண்டாக்ட்ரினேஷன்' வகுப்பாம். பயப்படணுமா?

ப: வேண்டியதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கான தொடக்கப் பயிற்சி அது. பழைய பொருள் அந்தத் துறையில் தங்கிவிட்டது.

கே: தமிழில் மூளைச்சலவை என்றால் போதாதா?

ப: அது 'பிரெயின்வாஷ்' என்பதன் தமிழ். சீன மொழியில் இருந்த சொல்லை 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற பத்திரிகையாளர் ஆங்கிலத்தில் பரப்பினார். முன்பிருந்த நம்பிக்கையைக் கழுவித் துடைப்பது அதில் முக்கியம். இண்டாக்ட்ரினேட் செய்ய முன்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. அதற்குக் 'கொள்கைத் திணிப்பு' என்பேன். இன்கல்கேட்டுக்குப் 'புகட்டு'.

கே: புகட்டுவதும் திணிப்புதானே? எங்கள் பாட்டி குழந்தையைக் காலில் போட்டு, கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சங்கில் மருந்து புகட்டுவார்.

ப: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் சங்கைக் கவனித்திருப்பீர்கள். அதன் மூக்கைக் குழந்தையின் கடைவாயில் வைத்துக் கொஞ்சம் சாய்ப்பார். குழந்தை விழுங்கிய பிறகுதான் அடுத்த மடக்கு. இல்லாவிட்டால் புரையேறும். திணிப்பவர் அப்படிக் காத்திருப்பதில்லை. ஆனாலும் குழந்தையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 'உனக்குப் பாடம் புகட்டுகிறேன்' என்று வளர்ந்தவரிடம் சொன்னால் மிரட்டலாகிவிடுகிறதே, அதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே புகட்டு என்பதைச் சிறுவர்களோடு நிறுத்திக்கொள்வோம். பெரியவர்களுக்குப் 'பதிய வை'.

கே: 'இம்போஸ்'?

ப: நம்பிக்கை, வரி, அபராதம் எல்லாவற்றுக்கும் வரும். யார் மீது என்று சொல்லும்போது ஆளுக்கு முன்னால் 'ஆன்' (on) போடுங்கள். பள்ளியில் நூறு தடவை எழுதினோமே இம்போசிஷன், அதே சொல்தான்.

கே: மாணவர்களுக்குள் வெறுப்பை இண்டாக்ட்ரினேட் செய்தார்கள் என்பது சரியா?

ப: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். ஆளைத்தான். 'இண்டாக்ட்ரினேட்டட் ஸ்டூடண்ட்ஸ் வித் ஹேட்ரட்' என்று எழுதுங்கள்.